வித்தவுட்

கொழிஞ்சாம்பாறை தேங்காய் மண்டிக் கணக்கு
என் கைக்கு மாறியபோது
நாற்காலி, நாலு பேரேடு, தட்டினால் மட்டும் சுற்றும் ஃபேன்,
கூடவே அச்சுதன்குட்டியின் டீயும் வந்துசேர்ந்தது.
அவருக்குச் சர்க்கரை. எனக்கில்லை.
டீக்கடை ஷிஹாபுக்கு அது தெரியாது.
பதினொரு மணிக்கு வாசலில் நின்று
"வித்தவுட்" என்பான்,
என் பெயரே அதுதான் என்பதுபோல்.

இங்கே பாதிப் பேர் பேசுவது தமிழ்தான்.
கேட்டிருக்கலாம்.
வந்து நாலு நாள் ஆனவன், நாற்பத்திரண்டு வயசு,
ஒரு கரண்டி இனிப்புக்கு வாய் திறப்பதா என்றிருந்தது.

முதல் வாரம் மூச்சைப் பிடித்து விழுங்கினேன்.
அடுத்த வாரம்
கசப்புக்கு அடியில் பால் தெரிந்தது.
அதுவரை நான் குடித்ததில் பால் இருந்ததா என்ன?
மூன்றாம் வாரம் மதியம்,
தயிர்சோற்றோடு கடித்த சின்ன வெங்காயம்
தித்தித்தது.
யாரோ விளையாடுகிறார்கள் என்று
இன்னொன்றை உரித்தேன்.
அதுவும்.

சனிக்கிழமை ஊருக்குப் புறப்பட்டேன்.
கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
பையைத் திறந்து பார்த்தார்கள்,
கள் இருக்கிறதா என்று.
நாக்கை நீட்டச் சொல்லவில்லை.

தாராபுரத்தில் மரகதம் டீ வைத்தாள்.
பதினாறு வருஷமாக அதே டம்ளர்,
அதே குவித்த ஒன்றரைக் கரண்டி.
ஒரு மடக்கு.
உதடு ஒட்டிக்கொண்டது.
டம்ளரை வைத்த சத்தத்தில் திரும்பினாள்.
"அங்க ஆரு டீ வெச்சுக் குடுக்கறது?"
ஷிஹாபு என்றேன். மீசைகூட முளைக்காத பையன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மதியம் பாகற்காய்.
வெல்லம் வேண்டாமே என்று
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"எங்கூட்டுல ஆரும் வெல்லம் போட மாட்டாங்க.
உங்களுக்காகப் போட்டுப் போட்டு
எனக்கே அது இல்லாம எறங்காமப் போச்சு.
இப்ப வேண்டாமா?"
பேருந்து ஏறும்வரை
வேறு பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை
சொல்லாமல் கொள்ளாமல் மண்டி வாசலில் நின்றாள்,
கையில் தூக்குப்போசி.
பத்தே முக்கால்.
நேரம் விசாரித்துத்தான் வந்திருக்க வேண்டும்.
ஷிஹாபு வந்தான். அவனை
உச்சி முதல் செருப்பு வரை பார்த்தாள்.
"சேச்சிக்கு மதுரம்?"
"இவருக்கு எப்படியோ அப்படியே."

முகம் சுருங்கியது. நிறுத்தவில்லை.
கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு
போசியைத் திறந்தாள்:
வெறும் உப்பு, வெறும் எண்ணெய்,
கருக வதக்கிய பாகற்காய்.
எனக்கு நாலு துண்டு வைத்தாள்.
மீதியை அவளே தின்றாள்,
ஒவ்வொன்றாக, எதையோ தேடுகிறவள்போல்.

பிறகு எழுந்து
மட்டை உரிக்கிறவர்களின் மண்பானையிலிருந்து
ஒரு சொம்பு மொண்டு குடித்தாள்.
பாதியில் நிறுத்தி
சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள்.
"இதுல என்ன போட்டிருக்கறீங்க?"

தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்
ஐந்நூற்றுச் சொச்சத்தில் கணக்கைத் தவறவிட்டார்.