கடைசியிலிருந்து ஒன்று

போன தேர்தலின் மை
சுட்டுவிரல் நகத்தில் பாதி வளர்ந்து நிற்கிறது
எல்லோருக்கும்.
ஆகவே இந்த இடைத்தேர்தலுக்கு
நடுவிரல் என்று ஆணை.

நான் மை வைக்கிறவள்.
மற்ற நாளில் உத்தமபாளையத்தில்
ஆறாம் வகுப்புக்குக் கணக்கு.
இன்று லோயர்கேம்ப் பள்ளிக்கூடம், பாகம் எழுபத்தொன்று.
சன்னலுக்கு வெளியே
மலைமேலிருந்து இறங்கும் இரும்புக் குழாய்களில்
பெரியாற்றுத் தண்ணீர்
வருவதே தெரியாமல் வருகிறது.

காலையில் கூட்டமில்லை.
கரைவேட்டிகள் வந்தார்கள்.
புது குக்கர் டப்பாவை வீட்டில் விட மனமில்லாமல்
இடுப்பில் வைத்துக்கொண்டே ஒருத்தி வந்தாள்.
வெளியே வைத்துவிட்டு வா என்றார் காவலர்.
யார் பார்த்துக்கொள்வார் என்றாள்.
காவலரே பார்த்துக்கொண்டார்.

பட்டியலில் வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு:
தெய்வேந்திரன், தந்தை ஒண்டிவீரன், வயது அறுபத்தொன்று.
எவருடைய நாற்காலி காலியென்று
பெட்டியும் படுக்கையுமாக வந்திருக்கிறோமோ
அவர்.
இன்னும் நீக்கவில்லை.
இறந்தவர்களுக்கான தனித்தாளில்
அவருக்கு மேலே டீக்கடை மொக்கராஜ்,
கீழே ஒரு சிலம்பாயி.
முகவர்கள் மூவரும் ஒரே அளவுகோலை
மாற்றி மாற்றி வாங்கி அடித்தார்கள்.
அவர் கட்சிக்காரர் மட்டும்
கோட்டைக் கொஞ்சம் மெல்லிசாகப் போட்டார்.

மூன்று மணிக்கு நாற்பத்தொரு சதவீதம்.
பெண்களை எங்கே காணோம் என்றார் தலைமை அலுவலர்.
ஒரு முகவர் புருவத்தால் மலையைக் காட்டினார்.
இங்கேதான் விடுமுறை.
குமுளிக்கு அந்தப்புறம், ஏலத்தோட்டத்தில்
இது வெறும் புதன்கிழமை.
போகாவிட்டால் அறுநூறு நட்டம்.
ஓட்டுக்கான ஐநூறு
ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது.
கணக்கு டீச்சர் நான்.
கழித்துப் பார்த்துவிட்டு
மைக்குப்பியை மூடினேன்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஜீப் வந்தது.
ஒன்றில்லை, இரண்டு.
ஒவ்வொன்றிலும் பதினாறு பேர்.
சோதனைச்சாவடியில் மறித்து
பணம் போகிறதா என்று
தூக்குவாளிகளைத் திறந்து பார்த்தார்களாம்.
இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளை அவிழ்க்காமல்
ஓடிவந்து நின்றார்கள்.
ஏலக்காய் வாசம் வரும் என்று நினைத்தேன்.
வந்தது மருந்து வாசம்.

ஆறு மணிக்குக் கதவைச் சாத்தவேண்டும்.
உள்ளே நிற்பவர்களுக்குச் சீட்டு.
வாலிலிருந்து கொடுத்து வா என்கிறது விதி,
பின்னால் யாரும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க.

அப்படித்தான்
கடைசி ஜீப்பில் கடைசியாக இறங்கி
செருப்பு வார் அறுந்து
நொண்டிக்கொண்டே வந்த வீருச்சின்னம்மாளுக்கு
ஒன்று என்றெழுதிய சீட்டு கிடைத்தது.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘நாந்தே மொதலா?’
முன்னால் நகரப் பார்த்தவளைக் காவலர் நிறுத்தினார்.
நீ ஒன்றுதாம்மா, ஆனா கடைசி.
வரிசை முழுக்கச் சிரித்தது.
அவளும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு,
‘அத எழுதியா குடுப்பீக?’ என்றாள்.

ஏழு மணிக்கு அவள் முறை.
இடது கையை நீட்டினாள்.
செடிக்கறை ஏறிக் கறுத்திருந்தன ஐந்து விரலும்.
எது போன தேர்தல், எது தோட்டம் என்று
பிரிக்க முடியவில்லை.
நடுவிரலில்
நகமும் தோலும் சேருமிடத்தில் கோடு இழுத்தேன்.
தெரியவில்லை.
மறுபடி இழுத்தேன்.
‘விடு டீச்சர், நா ரெண்டாந்தடவ வரமாட்டேன்.
வெடியக்காலம் அஞ்சரைக்கு ஜீப்பு.’

அட்டை மறைப்புக்குக் கீழே
பாதம் மட்டும் தெரிந்தது.
ஒன்றில் செருப்பு, ஒன்றில் இல்லை.
நெடுநேரம் சத்தமே வரவில்லை.
தலைமை அலுவலர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
பிறகு வந்தது
நீளமாக ஒரு பீப்.

பெட்டிக்கு அரக்கு வைத்தபின் சீட்டுகளை எண்ணினேன்.
இரண்டிலிருந்து முப்பத்திரண்டு வரை இருந்தன.
ஒன்றைக் காணோம்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்:
வாக்காளரிடம் உள்ளது.