பதினேழு தட்டு

கண்ணாடிக் கதவுக்குப் பின்னே
சட்டைக் கை ஒன்று மெல்ல எழுந்து
மெல்லத் தாழ்கிறது.
மூன்று தரம் நிறுத்திப் போட்டாயிற்று.
தண்ணீர் இறங்கவில்லை.
ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சிவப்பில் மினுங்க
கதவும் திறக்கமாட்டேன் என்கிறது.

வண்டிக்காரனிடம் குடக் கணக்கில் வாங்கி
மாடித் தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர்.
தங்கச்சிமடத்தில் தண்ணீரைப் பிடித்துவைக்கத்தான்
எல்லோரும் படாதபாடு படுகிறோம்.
போகமாட்டேன் என்று நிற்கிற தண்ணீரை
என்ன செய்வதென்று யாருக்குத் தெரியும்.

தடைக்காலம். சூசைமரியான் வீட்டில் இருக்கிறார்.
விசைப்படகு எஞ்சினுக்குக்
காதால் கேட்டே நோய் சொல்லும் மனிதர்.
மிஷின்மேல் காதை வைத்தார்.
"உறுமுது. ஆனா இழுக்கல."
அதோடு சரி.
பிறகு ஒரு பிளாஸ்டிக் கப்போடு வந்து நின்றார்.
படகில் தண்ணீர் நின்றால் இறைப்பதுதானே முதல் வேலை.
கதவு பூட்டியிருப்பது
அப்புறம்தான் கண்ணில் பட்டது.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

ராமநாதபுரத்திலிருந்து ஜபருல்லா வர
இரண்டு நாளாகும்.
பார்க்காமலே போனில் சொன்னார்:
"உப்புக்காத்துக்கா. போர்டு போயிருக்கும்."
போர்டு நாலாயிரத்து எண்ணூறு.
நிவாரணப் பணம் இன்னும் வரவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.
சுவரைவிட்டு நகர்த்திப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.
குழாய் மடங்கவில்லை.
நுனியில் ஒரு பிடி மணல்,
கச்சான் கொண்டுவந்து திணித்தது.
தட்டிவிட்டேன். நோய் அது இல்லை.

கீழே வலது மூலையில் ஒரு சின்ன மூடி,
வாங்கிய நாலு வருஷத்தில் திறந்ததே இல்லை.
கரண்டிக் காம்பால் நெம்பி
மீன் கழுவும் தட்டை அடியில் செருகி
உள்திருகைக் கால் சுற்றுத் தளர்த்த,
வந்தது பாருங்கள்.
நிறைய, ஊற்ற, மறுபடி நிறைய,
பதினேழு தட்டு. எண்ணினேன்.
ஒன்றையும் வீணாக்கவில்லை,
கக்கூஸுக்கு ஒரு வாளி
படி கழுவ ஒரு வாளி.

பிறகு வடிகட்டி கையோடு வந்தது.
மெர்சியின் பள்ளி பேட்ஜ் ஊசி.
தலைமுடியோடு முறுக்கிக்கொண்ட வலை நைலான்.
செதில்கள், இன்னும் மினுக்கத்தோடு.
உடைந்த சோழி.
ஒரு ரூபாய் இரண்டு.
அந்தப் பொந்துக்குள் விரலை விட்டேன்.
காற்றாடியின் இடுக்கில்
என் தோட்டின் திருகாணி.

இடது காதுத் திருகாணி.
போன கார்த்திகையில் காணாமல் போனது.
அன்று வீட்டுக்கு வந்து போனது
ஸ்டெல்லா மதினி மட்டும்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கேட்காமலே கேட்கத் தெரியும் எனக்கு.
அடுத்த முறை அவள் வந்தபோது
அலமாரியைப் பூட்டினேன்,
சாவிச் சத்தம் கேட்கும்படி.
அன்றிலிருந்து கோயிலில்
அவள் அந்தப் பக்கத்துப் பெஞ்சு.

தோடு இப்போது வங்கியில் இருக்கிறது.
ஒற்றைத் திருகாணியோடு எடை போட்டு
எடுத்துக்கொண்டார்கள், அடகுக்கு.

பழைய டூத்பிரஷால் எல்லாம் தேய்த்தேன்.
காற்றாடி விட்டுவிட்டுச் சுற்றியது,
அப்படித்தான் சுற்ற வேண்டுமாம்.
மூடியை இறுக்கி, பிளக்கைச் சொருகி
சோப்போடு கிடந்த துணியை அலசலுக்கு வைத்தேன்.
தண்ணீர் ஏறியது. சுற்றியது.
நின்றது.
மாதாவே என்றேன்.
தொண்டையைக் கனைத்துக்கொண்டு
இறங்கத் தொடங்கியது.
சூசைமரியான் காதை வைத்து
"இழுக்குது" என்றார்,
தானே சரிசெய்ததுபோல.

எங்கள் வடிகால் சந்துச் சரிவில் ஓடி
மதினி வாசலைத் தொட்டுத்தான் மணலில் இறங்கும்.
திருகாணியை உள்ளங்கையில் மூடிச்
செருப்பைத் தேடினேன்.
எப்படித் தொடங்குவது?
மிஷின் மக்கர் பண்ணிருச்சு மதினி,
அப்படித் தொடங்கலாமா?

சந்துக்கு வந்து பார்த்தால்
எனக்கு முன்னே
நுரை போய் நிற்கிறது அவள் வாசலில்.
துடைப்பத்தோடு
வெளியே வருகிறாள்.