மதிப்பூதியப் பட்டியல்

மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது
குருவம்மாள் அம்மாவின் பில்.
கருவூலம் சிவப்பு மையில் கேட்கிறது:
உயிருடன் உள்ளதற்கான சான்று எங்கே?

முந்தாநாள்தான் முப்பத்தோரு வழக்கு முடித்தார்.
ஒவ்வொன்றிலும் கையெழுத்து, நீல மையில்.
பச்சை மைப் பேனாவை
ஓய்வுபெற்ற அன்றே மூடி வைத்துவிட்டார்.

மதுரை மாவட்ட நீதிமன்றத்தின் பின்கட்டில்
மக்கள் நீதிமன்றத்துக்கு ஒதுக்கிய அறை.
மின்விசிறி சுற்றினால் கட்டுகள் பறக்கும்,
நின்றால் நாங்கள் வேர்ப்போம்.
அம்மா திருநகரிலிருந்து வருகிறார்,
பெரியாரில் இறங்கி
இன்னொரு பஸ் மாறி.
கார்க் கதவைத் திறந்துவிட்ட டவாலி
இப்போது யாருக்குத் திறக்கிறாரோ.

செவ்வாய்க்கிழமை ஒச்சம்மாள் வந்தாள்,
செக்கானூரணிப் பக்கம்.
மாட்டுத்தாவணியில் பூமூட்டை இறக்கிய புருஷன்
விடியுமுன் வேன் அடித்துச் செத்து
நாலு வருஷம்.
இன்சூரன்ஸ் வக்கீல் பேசத் தயாராக வந்திருந்தார்.
அம்மா தாள் ஓரத்தில் பென்சிலால் போட்டார்:
மாத வருமானம் இவ்வளவு,
அவன் சொந்தச் செலவுக்கு
மூன்றில் ஒன்று கழி,
வயது முப்பத்தெட்டு,
பதினைந்தால் பெருக்கு.

ஒச்சம்மாள் கேட்டாள்:
"அவுக சோத்துக்கா இம்புட்டுக் கழிக்கிறீக?
அம்புட்டு எங்க தின்னாக?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை.
அம்மா பென்சிலைக் கீழே வைத்தார்,
பிறகு எடுத்தார்.
வக்கீல்கள் இருவரையும் மறுபடி உட்காரச் சொன்னார்.
மூன்றே கால் வரை
டிபன் டப்பா திறக்கவில்லை.
நாற்பதாயிரம் ஏறியது.

அந்த அமர்வுக்கும்
அதே ஆயிரத்து இருநூறுதான்.
வரி நூற்றிருபது கழி,
நாள்களால் பெருக்கு.
என்னிடமும் ஒரு பென்சில் இருக்கிறது.

பட்டியலில் பதினான்காம் தேதியை
அவரே அடித்திருந்தார்.
"அன்னைக்கு வக்கீல்கள் புறக்கணிப்பு."
"நீங்க வந்தீங்களேம்மா,
நாலு மணி வரைக்கும் நாற்காலியில இருந்தீங்களே?"
"உட்கார்ந்திருந்தேன். அமரலை."

மறுபடி தட்டச்சு செய்தேன்.
ஒரு நாள் குறைந்தால்
கூட்டுத்தொகை, வரி, எழுத்தால் ரூபாய்,
எல்லாம் மாறும்.

பென்ஷன் வருகிறது,
இதைச் சேவையாகச் செய்யக் கூடாதா என்று
கண்காணிப்பாளர் தேநீரோடு ஒருநாள் சொன்னது
அம்மா காதில் விழுந்திருக்கிறது.
என்னிடம் வந்து கேட்டார்:
"பில்லுல மதிப்பூதியம்னுதான் போடணுமா?
மதிப்பைக் கொடுக்கிறதா நினைச்சா
கொடுக்கிறவங்களுக்குக் கை கூசும்.
கூலின்னு போடுங்க.
கூலிக்கு யாரும் காரணம் கேட்க மாட்டாங்க."

கேட்பார்கள் அம்மா என்று
நான் சொல்லவில்லை.
என் தொகுப்பூதியம் வந்து இரண்டு மாதம்.
மளிகைக் கடை பெத்தணன்
தினமும் காரணம் கேட்கிறார்.

இன்று காலை வந்தார்.
சிவப்பு மை வரியைக்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்,
மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை.
"சான்றுல யார் கையெழுத்துப் போடணும்?"
"பச்சை மையில் போடுற அதிகாரி
யாராவது போடலாம்மா."
"சரி" என்றார்.
கைப்பையில் எதையோ தேடினார்,
ஆதார் நகல் இருந்தது.

சார்பு நீதிபதி இன்னும் இருக்கைக்கு வரவில்லை.
தாழ்வாரத்து பெஞ்சில்
காசோலைக்கு வந்த கூட்டம்.
கடைசியில் ஒச்சம்மாள்,
மடியில் மஞ்சள் பை.
நிமிர்ந்து பார்த்தாள், எழப் போனாள்,
அம்மா கையமர்த்தினார்.

"நீங்களுமா காத்துக் கெடக்கீக?"
"ஆமா."
"என்னத்துக்கு?"
"உயிரோட இருக்கேன்னு எழுதி வாங்கணும்."

ஒச்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.
"அவுக செத்ததுக்கு எழுதி வாங்க
எனக்கு எட்டு மாசம் ஆச்சு" என்றாள்,
பையை இந்தப் பக்கம் இழுத்து
இடம் விட்டாள்.

அம்மா அமர்ந்தார்.
மணி பதினொன்று பத்து.
டோக்கன் பதினேழு.