கலங்கல்

அறுபது பீஸ்.
அனுப்பர்பாளையத்தில் அதையெல்லாம்
ஆர்டர் என்றே சொல்லமாட்டார்கள்.
ஆறாயிரத்துக்குக் கீழே என்றால்
திருமூர்த்தி அண்ணன் போனையே எடுக்கமாட்டார்.
இது தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாய் வந்தது.
கறுப்புத் துணி, நெஞ்சில் ஒரு படம்.

சனாதன் பிரிண்ட் அடித்து
ட்ரையரில் விட்டு என் மேசைக்கு அனுப்பினான்.
டியூப்லைட்டின் கீழ் விரித்தேன்.
ஊதா வெள்ளைக்குள் ஒழுகியிருந்தது.
வெள்ளை இடம் பெயர்ந்து ரெண்டாய்த் தெரிந்தது.
பெண்ணின் முகமோ, பூசணிக் கொடியோ,
மழையில் நிற்கும் பஸ்ஸோ, சொல்ல முடியவில்லை.
அடியில் இருந்த எழுத்து
தன்னை எழுத்தென்று ஒப்புக்கொள்ளவே இல்லை.
ரிஜிஸ்டர் அவுட். மை கசிவு.
அறுபதுக்கும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன்.
எட்டு வருஷத்தில் ஒரு லாட்டை முழுசாய்த் தள்ளியது
அன்றைக்குத்தான்.

மறுநாள் மெயில் வந்தது.
"அப்படித்தான் இருக்கோணுமாமா அம்மணி"
என்றார் அண்ணன்,
சிரிப்பா எரிச்சலா தெரியாத மூஞ்சியோடு.
"கலங்கியிருந்தாத்தான் காசாமா."

ராத்திரி சோறு இறங்கவில்லை.
பிழையென்று நான் படித்து வைத்ததை
வேண்டுமென்றே செய்கிறவன் யார்?
ஜாப் கார்டில் பேர் இருந்தது: ஸ்லோ பெய்லிஃப்.
எழுத்துக் கூட்டித் தேடினேன்.
மாதத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்கிறார்களாம்.
பெருமாநல்லூரில் நோம்பிக்கு மைக் செட் கட்டுகிறவன்
'ஹலோ ஹலோ' சொல்வதைக் கேட்கவே
அதைவிடக் கூட்டம் நிற்கும்.

முதல் பாட்டு.
போன் கெட்டுவிட்டதென்று நினைத்தேன்.
இயர்போனைத் துடைத்து மறுபடி குத்தினேன்.
காம்பாக்டிங் ரோலரில் துணி சுற்றிக்கொண்டால்
ஒரு இழுவை வருமே, அது.
அதற்குள், ரொம்ப அடியில்,
யாரோ எதையோ சொல்கிறார்கள்.
இரைச்சலுக்கு மேலே ஏறி நின்று பேச
அவர்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

எனக்கு அது தெரியும்.
நிட்டிங் ஷெட்டுக்கு ஒட்டிய சுவரில்
நாங்களும் இப்படித்தான் பேசுகிறோம்.
பக்கத்து மேசை வளர்மதியின் கல்யாணம் நின்ற கதையை
நான் காதால் கேட்டதே இல்லை.
உதட்டில் பார்த்தேன்.

ஒருத்தர் நன்றி சொன்ன பட்டியலில்
அடுத்தவர் பேர் கிடைத்தது.
மூன்று பாட்டோடு பிரிந்துபோன டின் ஆர்ச்சர்ட்.
கிடாரைக் கிடாராய் வாசிக்கமாட்டேன் என்று
அதை மேசைமேல் கிடத்திச் சுரண்டும்
ஜப்பான் அக்கா தங்கை.
பேரே வைக்காமல் வெறும் தேதி போட்டு
மழைச் சத்தமும் டிரம்மும் விட்டுவிட்டுப் போன ஒருவன்.
கேட்கிறவர் நாற்பது. பதினெட்டு. ஏழு.
ஏழில் ஒன்று நான்.

வீடியோவில் பார்த்தால்
யாரும் கூட்டத்தைப் பார்ப்பதில்லை.
காலடியில் வரிசையாய்ப் பெட்டிகள்,
மிதித்துக்கொண்டே குனிந்து நிற்கிறார்கள்.
செருப்பைப் பார்க்கிற பாட்டென்றே பேராம் அதற்கு.
நானும் பன்னிரண்டு மணிநேரம் குனிந்துதான் நிற்கிறேன்.
இதுவரை யாரும் பேர் வைக்கவில்லை.

சனாதனுக்கு ஒரு காது கொடுத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டான்.
"அக்கா, இது ஜெனரல் பெட்டி" என்றான்.
ஒடிசாவிலிருந்து கக்கூஸ் ஓரம் நின்றே வந்தவன்.
திட்டுகிறானா பாராட்டுகிறானா,
நான் கேட்கவில்லை.
பாட்டு முடிகிறவரை அவன் காதைத் திருப்பித் தரவுமில்லை.

ரிப்பீட் ஆர்டர் வரவில்லை.
அவர்களும் பிரிந்துவிட்டார்கள் என்று
வளர்மதியிடம் சொன்னேன்.
யாருடைய கல்யாணம் என்று
உதட்டைக் குவித்தாள்.

இன்றைக்கு ஆறாயிரம் பீஸ், புலி முகம்.
மீசை மீசையாய் எண்ணலாம், அவ்வளவு சுத்தம்.
நாலாவது பெட்டியில் ஒன்றுக்கு மட்டும்
இடது கண் கசிந்து கன்னம் வரை இறங்கியிருந்தது.
ஸ்டிக்கர் எடுத்த கை சித்த நேரம் நின்றது.
பிறகு ஒட்டினேன்.
புலி புலிதான், ரிஜெக்ட் ரிஜெக்ட்தான்.
மூட்டையில் அடியில் திணிக்காமல்
மேலாக வைத்தேன்,
முகம் வெளியே தெரிகிற மாதிரி.