கத்தி – ஒன்று

பையின் இடது அறையில் ஷார்ஜா, வலதில் நாகூர்.
உரக்கடைத் தராசில் ஒருநாள் வைத்துப் பார்த்தேன்:
இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது கிராம்.
"எந்த ரகம் மேடம், குறுவைக்கா?" என்றார் உத்திராபதி.

ஷார்ஜா, கொழுந்தன் கொண்டுவந்தது.
கட்டைவிரல் தள்ளினால் திறக்கும்.
டக்கென்று உள்ளே ஒரு பூட்டு விழும்,
பிறகு எப்படி அழுத்தினாலும் மடங்காது.
ஒரு கை போதும்.
மறு கையில் வாடிய பருத்திச் செடி.
தூர் வீங்கியிருக்கும் இடத்தில் வைத்து
நெடுக்காக ஒரு கீறல்:
உள்ளே கூன்வண்டின் புழு,
வெயில் பட்டதும் சுருண்டுகொள்ளும்.

நாகூர், கந்தூரிக் கடையில் நானே வாங்கியது.
நாற்பது சொன்னார்கள், முப்பத்தைந்துக்குக் கேட்டேன்.
மீன் வடிவில் பச்சைப் பிளாஸ்டிக் பிடி,
கண் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி.
நகம் கொடுத்துத் திறக்க வேண்டும்.
ஐப்பசியில் நகம் ஊறிப்போனால்
பல்லால். யாரும் பார்க்காதபோது.
பூட்டு என்று எதுவும் இல்லை.
கொரடாச்சேரி வரப்பில் ஒரு நெல் தூரைப் பிளக்கும்போது
தானே மடங்கி
ஆள்காட்டி விரலைக் கடித்தது.
தழும்பைக் கேட்டவர்களிடம்
அரிவாள்மனை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கூர் என்று பார்த்தால் ஷார்ஜாதான்.
தையில் தீட்டினால் சித்திரை வரை நிற்கும்.
மழுங்கிவிட்டால் அதற்கென ஒரு கல்,
அந்தக் கல்லுக்கென ஓர் எண்ணெய்,
ஒரு ஞாயிற்றுக்கிழமை.
நாகூர் தினமும் மழுங்கும்.
மதகுக் கட்டையில் நான்கு இழுப்பு, போதும்.
எங்கள் பக்கம் மதகுக்கா பஞ்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
வயல் ஆய்வு என்று பதிவேட்டில் எழுதுகிறோமே,
அதில் பாதி நேரம் வெட்டுவது கயிறுதான்.
விதை மூட்டைத் தையல், பந்தல் சணல்,
ஸ்கூட்டிச் சக்கரத்தில் சுற்றிய வைக்கோல்.
இதற்கெல்லாம் ஷார்ஜாவை எடுக்க
கொஞ்சம் கூச்சமாக இருக்கும்,
பட்டுப்புடவையோடு நாற்றங்காலில் இறங்குவதுபோல.

தேர்தல் சமயம். குடவாசல் சாலைப் பாலத்தருகே
பறக்கும் படை வண்டியை மறித்தது.
தேடியது பணம்.
கிடைத்தவை மூன்று பருத்திக்காய், ஒரு லென்ஸ்,
தயிர்சாத டப்பா, ஷார்ஜா.
அதிகாரி திறந்தார். டக்.
எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.
"எதுக்கு இது?"
புழு பார்க்க.
"இதாலயா?"
காயை வாங்கிப் பிளந்து காட்டுகிறேன் என்றேன்.
கத்தியை என்னிடம் தர யாருக்கும் மனமில்லை.

வலது அறையில் கைவிட்ட காவலர் சகாயமேரி
நாகூரை எடுத்து, திருப்பிப் பார்த்து,
"எங்க பாப்பாகிட்டயும் இது மாதிரி இருக்கு" என்று
அவசரமாய்த் தன் வெள்ளரிப்பிஞ்சை நான்காகக் கீறி
எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்.
மிளகாய்த்தூள் இல்லை என்று வருத்தப்பட்டார்.

ரசீது எழுதினார்கள்:
கத்தி – ஒன்று. மடக்கக்கூடியது. வெள்ளி நிறம்.
நாகூர் எந்த எண்ணிக்கையிலும் வரவில்லை.

அந்தக் கோடை முழுதும் பச்சை மீன்தான்.
பூ உதிர்ந்த காய்களை அதைக் கொண்டே பிளந்தேன்,
விரலைத் தள்ளி வைத்து, வயதுக்கு வந்த பாம்பை
எடுத்து வளர்ப்பவள்போல ஒரு கண் அதன்மேல்.
இளஞ்சிவப்புப் புழு அதிலும் இளஞ்சிவப்புதான்.

வாக்கு எண்ணி முடித்து
பதினேழு நாள் கழித்து அலுவலகம் போனேன்.
மூன்று மேசை, இரண்டு கையெழுத்து.
பழுப்பு உறையின் அரக்கு உடைந்திருந்தது.
வாசலில் நின்று திறந்தேன்.
டக் வரவில்லை. சொதக் என்று ஏதோ வந்தது.
பூட்டின் இடுக்கில் நார். முகர்ந்தேன்:
மாங்காய். உப்பும் தடவியிருக்கிறார்கள்.
துருவேறாது என்று பொறித்த எழுத்துக்குப் பக்கத்திலேயே
கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி.

புகார் எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார் எழுத்தர்.
அவர் மேசை ஓரத்தில்
சணல் சுற்றிய கோப்புகள், வெட்ட எதுவுமின்றி,
முடிச்சோடு ஒருவர் நகத்தால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.
இரண்டில் எதைக் கொடுப்பது என்று
ஒரு நொடி பையைத் துழாவினேன்.