ஏழாவது புள்ளி

கெம்பொரை ஏரிக்குப் பன்னிரண்டு புள்ளிகள்.
பழைய வரைபடத்தில், ஒரு மாங்கொட்டை வடிவத்துக்குள்
சிவப்பு மையில் வைத்தவை.
முதல் புள்ளியில் இப்போது டாக்ஸி ஸ்டாண்டு.
இரண்டாவதில் விதைக்கிழங்கு மூட்டை
அடுக்கிக்கொண்டிருந்த ஆள்
நாங்கள் அளவுகோலை ஊன்றுவதைப் பார்த்து
'கரண்டுக் கம்பமா சார்?' என்றார்.
ஆழம் என்ற கட்டத்தில்
இரண்டு சுழியங்கள் போட்டேன்.

மூன்றிலிருந்துதான் படகு.
பெள்ளி துடுப்புப் போட்டார்,
ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கி.
இரவின் உறைபனியில் மேலெல்லாம் கருகி
அடியில் மறுபடி பச்சை விட்டிருந்தது.

மலை ஏரி ஆழமாயிருக்கும் என்பது
கீழேயிருந்து வருகிறவர்களின் நினைப்பு.
இது என்றைக்குமே ஆழமில்லை.
மூன்று சரிவுகளின் ஈரம்
ஒரு சதுப்பில் இறங்கி
மேற்கொண்டு போகச் சோம்பி
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
நடுவில் நின்று ஒருவர் கையைத் தூக்கினால்
விரல் மட்டும் வெளியே தெரியும்,
அவ்வளவுதான்.
அதிலும் முகம் பார்க்கலாம் என்கிறது
கோப்பிலிருந்த ஒரு பழைய குறிப்பு.

இப்போது வருவது
சீகை மரங்கள் குடித்த மிச்சம்.
பிறகு, வரைபடத்தில் இல்லாத குழாய்கள்.
காலை ஆறு மணிக்குக் கேரட் கழுவும் மிஷின் ஓடத் தொடங்கினால்
பத்து மணிவரை
வாய்க்கால் செங்காவியாய் வரும்;
சென்னை லாரியில் ஏறும் கேரட்டில்
ஒரு பொட்டு மண் இருக்காது.

ஏழாவது புள்ளி. ஏரியின் நடு.
ஒன்றரை அடி நீர் காட்டிவிட்டுக்
கோல் மேலும் இறங்கியது,
களிச்சட்டியில் கரண்டி போல.
ஐந்து. எட்டு. பதினொன்று.
பிடுங்கினால் வரவில்லை.
இருவரும் சேர்ந்து இழுத்தபோது
படகு ஒருபக்கம் சாய்ந்து என் செருப்பு நனைந்தது.

வந்த சேற்றைப் பெள்ளி
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.
வெள்ளையாய்ச் சின்னச் சின்னச் சில்லுகள்.
'முட்டை ஓடு' என்றார்.
'ஓட்டல்ல சொல்லிவெச்சு வாங்கி
இந்தச் சரிவுல நான் ஒருத்தன்தான் சார் போடறேன்.
இது என் தோட்டம்.'

மேலே பார்த்தேன். மஞ்சுக்குள்
அவருடைய ஒன்றரை ஏக்கர்
படிப்படியாய், செங்குத்தாய், நேற்றுதான் கொத்தியது.

படிவத்தில் ஆழத்துக்கு ஒரே கட்டம்.
ஒன்றரை என்று எழுதி அடித்தேன்.
பதினொன்று என்று எழுதி
அதையும் அடித்தேன்.
பெள்ளி சோற்று டப்பாவைக் கழுவி
அந்த மண்ணை அதில் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

'தூர் வாரினா
லோடு என்ன வெலைக்குத் தருவாங்க?'

தெரியவில்லை என்றேன்.
எட்டாவது புள்ளியை
ஒரு தாழைக்கோழி
நடந்தே கடந்துகொண்டிருந்தது.