மேலும் கீழும் பன்னிரண்டு

திங்கட்கிழமை. மனுநாள்.
சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரி,
மனு எழுதுகிறவர்களின் மடக்குமேசைகளைத் தாண்டினால்
எட்டடிக்குப் பத்தடி, எங்கள் கடை.
மின்விசிறி வெயிலைக் கலக்கிக் கலக்கிக்
கீழே அனுப்புகிறது.

திரைக்குப் பக்கம் என்று ஒன்று தெரியாது.
இழுக்க இழுக்க இறங்கும்.
தாளுக்கு வரும்போதுதான்
எங்கே நிறுத்துவது என்ற பேச்சு.

நான்கு பக்கமும் இருபத்தைந்து மில்லிமீட்டர் விடுவேன்.
தாலுகா ஆபீசில் கோப்பு கட்டும்போது
கன்னியப்பன் என்பவருடைய தகப்பன் பெயரில் ஓட்டை விழுந்து
மூன்று மாதம் அவர் அலைந்ததிலிருந்து.
துளை விழுவது இடது பக்கம் மட்டும்தான்.
ஆனாலும் ஒரே சீராக இருக்கட்டுமே என்று.

எழுத்தைச் சுருக்கலாம்.
தொண்ணூறு சதவீதம், எண்பது.
ஆனால் ஆர்.ஐ. மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருக்க வேண்டும்.
ஓரமே வேண்டாம் என்று சுழியம் வைத்துப் பார்த்தேன் ஒருநாள்.
கடைசி நான்கு மில்லிமீட்டரை
இந்தப் பிரிண்டர் யாருக்கும் தருவதில்லை.
புறம்போக்கு.
குடிசை போட முடியாத ஒரே புறம்போக்கு.

ஊசூரிலிருந்து அம்சவேணி வந்தாள்.
“எங்கண்ணன் காட்டின பேப்பர்ல
என் பேரே இல்லக்கா.”

சர்வே எண்ணைத் தட்டினேன்.
கூட்டுப் பட்டா. ஐந்து பெயர்.
முன்னோட்டத்தில்
நான்கு பெயரோடு முதல் பக்கம் முடிந்துவிட்டது.
இரண்டாம் பக்கத்தில் அவள் மட்டும்,
உச்சியில் ஒற்றை வரியாக,
கீழே முழுத்தாள் வெள்ளை.

போன வியாழன்.
கட்டம்போட்ட சட்டை, கையில் ஹெல்மெட்.
“மொதப் பக்கம் போதும்மா,
ரெண்டாவதுல ஒரு வரிதானே.”
ஒரு வரிதானே என்று நானும்
ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

இடதை அப்படியே விட்டேன்.
மேலும் கீழும் பன்னிரண்டு.
கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றதும்
ஒடுகத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தவள்போல
ஐந்தாம் வரி ஏறி வந்து
நான்காவதன் கீழ் உட்கார்ந்தது.

சூடாக வந்த தாளை
இரண்டு கையாலும் வாங்கினாள்.
விரலால் தேடி, பெயரில் நிறுத்தி,
“இருக்குதே” என்றாள்.
“முன்னயும் இருந்துச்சா?”

“இருந்துச்சு” என்றேன்.
அதற்கு மேல் சொல்லவில்லை.
நான்காக மடிக்கப் போனவளைத் தடுத்து
பிளாஸ்டிக் கவர் ஒன்று கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றதற்கு
ஏன் என்று பார்த்தாள்.

அவள் சாலையைக் கடந்ததும்
டீக்கணக்குத் தாளைத் திருப்பினேன்.
நான்கு டீ, இரண்டு பொறை, ஜெயவேலு பாக்கி,
அதற்குப் பின்னால்
உச்சியில் ஒற்றை வரியாக
அம்சவேணி.